அப்பாவின் ரத்தம் வெள்ளையாக வந்திருக்கிறது: ரத்தத்தில் கொழுப்பைக் கரைக்கும் என்சைம் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

காசிமேடு_கரை (சனி, இரவு 10.15)

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 52 வயது. காசிமேட்டில் மீன் ஏலத்தில் வேலை. நள்ளிரவு தாண்டிக் கிளம்பினால் வீடு திரும்ப முற்பகல் ஆகிவிடும். சர்க்கரை இருக்கிறது, ஆனால் மாத்திரையை ஒழுங்காகப் போட மாட்டார். குவார்ட்டர் பழக்கமும் உண்டு. கொஞ்ச நாளாக அசதி என்று சொன்னதால் வெறும் வயிற்றில் ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப் போனேன்.

ரிப்போர்ட்டில் ட்ரைகிளிசரைடு (ரத்தத்தில் ஓடும் கொழுப்பு) 1,140. நல்ல கொலஸ்ட்ரால் என்கிற எச்.டி.எல். 27. கெட்ட கொலஸ்ட்ரால் என்கிற எல்.டி.எல். இருக்க வேண்டிய இடத்தில் எண்ணே இல்லை, ‘கணக்கிட இயலாது’ என்று போட்டிருக்கிறார்கள். மூன்று மாதச் சர்க்கரை 10.8. லைபேஸ் 38. கடைசியில் ‘சாம்பிள் லிப்பிமிக்’, அதாவது கொழுப்பால் கலங்கியிருக்கிறது என்று ஒரு குறிப்பு. டியூப்பைக் காட்டச் சொல்லிப் பார்த்தேன். மேலே நிற்கும் நீர் மஞ்சளாக இல்லை, முழுக்க வெள்ளையாகக் கலங்கி இருந்தது. முந்தைய இரவு எட்டரைக்கே சாப்பிட்டுவிட்டார், காலையில் டீ கூடக் குடிக்கவில்லை. அப்புறம் இவ்வளவு கொழுப்பு எங்கிருந்து வந்தது?

எங்கள் தெருவில் ஒருவர் என்சைம் கேப்சூல் விற்கிறார். ‘லைபேஸ்தான் கொழுப்பைக் கரைக்கிற என்சைம், உங்கப்பாவுக்கு அது கம்மி, வெளியிலிருந்து கொடுத்தால் ரத்தம் சுத்தமாகிவிடும்’ என்கிறார். மாதத்துக்கு 2,800 ரூபாய் ஆகும். வாங்கலாமா? பயமாக இருக்கிறது, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தண்டையார்பேட்டை_லேப் (சனி, இரவு 10.50)

தம்பி, நான் லேப் டெக்னீஷியன். முதலில் ரிப்போர்ட்டைப் பற்றிச் சொல்கிறேன், மருத்துவம் டாக்டர் சொல்லட்டும்.

பெரும்பாலான லேப்களில் எல்.டி.எல்.லை நேரடியாக அளப்பதில்லை. மொத்தக் கொலஸ்ட்ராலில் எச்.டி.எல்.லைக் கழித்து, ட்ரைகிளிசரைடை ஐந்தால் வகுத்து அதையும் கழித்து ஒரு கணக்காகத்தான் போடுவோம். 1972-இல் வந்த ஃப்ரீட்வால்ட் சூத்திரம் அது. ட்ரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் அந்தக் கணக்கு தப்பாகும். அதனால்தான் எண் போடாமல் விட்டிருக்கிறார்கள். அது நேர்மையான ரிப்போர்ட்.

இன்னொன்றையும் கவனியுங்கள். எங்கள் மெஷின்கள் பலவும் ரத்தத்தின் ஊடாக ஒளியை அனுப்பித்தான் அளக்கின்றன. கொழுப்புத் துகள்கள் ஒளியைச் சிதறடித்துவிடும். ஹீமோகுளோபின் இருப்பதைவிடக் கூடுதலாகத் தெரியலாம். சாம்பிளில் கொழுப்பு இடத்தை அடைத்துக்கொள்வதால் சோடியமும் குறைவாகக் காட்டலாம், உண்மையில் குறைந்திருக்காது. ஆகவே வேறு ஏதாவது எண் விநோதமாக இருந்தால், ‘லிப்பிமிக்’ குறிப்பை டாக்டரிடம் காட்டிவிட்டுப் பேசுங்கள்.

வெள்ளையாக இருப்பது எதனால் என்று பார்க்கப் பழைய முறை ஒன்று உண்டு. சீரத்தை, அதாவது டியூப்பில் மேலே நிற்கும் நீரை, ஃபிரிட்ஜில் 4 டிகிரியில் இரவு முழுக்க அசைக்காமல் வைப்போம். காலையில் மேலே ஏடு கட்டியிருந்தால் அது கைலோமைக்ரான், அதாவது சாப்பாட்டிலிருந்து வந்த கொழுப்பு. அடியிலும் கலங்கலாக இருந்தால் வி.எல்.டி.எல்., கல்லீரல் தயாரித்து அனுப்பிய கொழுப்பு. 12 மணி நேரம் பட்டினி இருந்த நல்ல உடம்பில் கைலோமைக்ரான் இருக்கவே கூடாது. 1,000-க்கு மேல் போனவர்களிடம் பெரும்பாலும் இரண்டையும் பார்க்கிறேன்.

கொருக்குப்பேட்டை_சிஸ்டர் (சனி, இரவு 11.05)

மற்றதெல்லாம் பிறகு பேசலாம். தம்பி, அப்பாவுக்கு மேல் வயிற்றில் வலி இருக்கிறதா? முதுகுப் பக்கம் பாய்கிற மாதிரி வலி, வாந்தி ஏதாவது இருக்கிறதா? இருந்தால் காலை வரை காத்திருக்காதீர்கள். பழைய ஜெயில் ரோட்டில் ஸ்டான்லி ஆஸ்பத்திரி பக்கத்தில்தானே இருக்கிறது, நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

ட்ரைகிளிசரைடு 1,000-ஐத் தாண்டினால் உடனடியாகப் பயப்பட வேண்டியது கணையத்துக்காக. கணைய அழற்சி வந்து படுத்தவர்களை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முந்தின நாள் வரை நடமாடியவர்கள். கல்யாண விருந்தும் தண்ணியும் சேர்ந்த அடுத்த நாளில் வருகிறார்கள்.

உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கும் லைபேஸ் 38 நல்ல செய்தி. அது கணையத்தில் சுரக்கிற லைபேஸ். குடலில் வேலை செய்ய வேண்டியது. கணையம் அடிபட்டால்தான் ரத்தத்தில் அளவுக்கு மீறிக் கசியும். மேல் வரம்பைப்போல மூன்று மடங்கு ஏறினால் கணைய அழற்சி என்று சந்தேகப்படுவோம். ஆகவே அது குறைவாக இருப்பதுதான் வேண்டும். அந்த கேப்சூல்காரர் சொன்னதைக் கேட்டு அதைக் கூட்ட நினைக்காதீர்கள்.

காசிமேடு_கரை (சனி, இரவு 11.20)

வலி இல்லை சிஸ்டர், வாந்தியும் இல்லை. இன்றிலிருந்து பாட்டிலைத் தொட விடமாட்டேன். திங்கள் காலை டாக்டரைப் பார்க்கிறோம். வலி வந்தால் உடனே ஸ்டான்லிக்கு ஓடுகிறேன்.

ஆனால் ரத்தத்தில் கொழுப்பைக் கரைக்க என்சைம் என்று ஒன்று இல்லவே இல்லையா?

பெரம்பூர்_வாத்தியார் (ஞாயிறு, காலை 6.40)

இருக்கிறது தம்பி. அதன் பெயர் லைப்போபுரோட்டீன் லைபேஸ், சுருக்கமாக எல்.பி.எல். உங்கள் ரிப்போர்ட்டில் உள்ள லைபேஸ் வேறு, இது வேறு. சாதாரண ரத்தப் பரிசோதனையில் இதை அளக்க முடியாது. ஏனென்றால் இது ரத்தத்தில் மிதந்துகொண்டிருப்பதில்லை. தந்துகிகள் என்கிற மிக நுண்ணிய ரத்தக் குழாய்களின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, கடந்து போகும் ரத்தத்திலிருந்து கொழுப்பை வெட்டி எடுக்கிறது. முப்பது வருடத்துக்கு மேல் கல்லூரியில் உயிர்வேதியியல் சொல்லிக்கொடுத்தவன் நான். இந்த ஒரு என்சைமைப் பற்றி எவ்வளவு பேசினாலும் எனக்கு அலுக்காது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சாப்பிட்ட எண்ணெயும் நெய்யும் குடலில் உடைந்து, குடல் சுவரின் செல்களுக்குள் மறுபடி ட்ரைகிளிசரைடாகச் சேர்கின்றன. கொழுப்பு நீரில் கரையாது, ரத்தமோ பெரும்பாலும் நீர். அதனால் புரதமும் பாஸ்போலிப்பிடும் சுற்றிப் போர்த்திய உருண்டைகளாகக் கட்டி அனுப்புகிறது உடம்பு. அவைதான் கைலோமைக்ரான்கள். சர்க்கரை, புரதம் எல்லாம் குடலிலிருந்து நேரே கல்லீரலுக்குப் போகும். கைலோமைக்ரான்கள் அப்படிப் போவதில்லை. நிணநீர்க் குழாய் வழியாக மேலேறி, இடது தோள்பட்டைக்குக் கீழே கழுத்தடியில் உள்ள பெரிய சிரையில் வந்து கலக்கின்றன. அதாவது கல்லீரலைத் தொடும் முன்பே இதயத்துக்கும் தசைக்கும் கொழுப்புத் திசுவுக்கும் போய்விடுகின்றன. எவ்வளவு யோசித்துச் செய்த ஏற்பாடு பாருங்கள். எரிபொருள் தேவைப்படுகிற இடத்துக்கு முதலில் போகிறது.

அந்த மூன்று இடங்களின் தந்துகிகளில்தான் எல்.பி.எல். அதிகம். கைலோமைக்ரான் வந்து சுவரில் ஒட்டியதும் எல்.பி.எல். அதற்குள் இருக்கும் ட்ரைகிளிசரைடை வெட்டிக் கொழுப்பு அமிலங்களாகப் பிரிக்கிறது. தசை அதை எரிக்கிறது, கொழுப்புத் திசு சேமிக்கிறது. இதயத் தசை தன் சக்தியில் பெரும்பகுதியைக் கொழுப்பு அமிலங்களிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. உருண்டை சுருங்கிச் சுருங்கி, மிச்சத்தைக் கடைசியில் கல்லீரல் வாங்கிக்கொள்கிறது. நல்ல உடம்பில் ஒரு கைலோமைக்ரானின் கொழுப்பு ரத்தத்தில் சில நிமிடங்கள்தான் தங்கும். குடல் தொடர்ந்து அனுப்பிக்கொண்டே இருப்பதால் சாப்பிட்டு மூன்று நான்கு மணி நேரத்தில் அளவு உச்சத்துக்குப் போய், பிறகு இறங்குகிறது.

இதைக் கண்டுபிடித்த கதை எனக்கு மிகவும் பிடித்தது. 1943-இல் அமெரிக்காவில் பால் ஹான் என்பவர், கொழுப்பு உணவு சாப்பிட்ட நாய்களுக்கு ஹெப்பாரின் ஊசி போட்டார். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கிற மருந்துதான் அது. கலங்கி வெள்ளையாக இருந்த பிளாஸ்மா (ரத்தத்தின் நீர்ப்பகுதி) சில நிமிடங்களில் தெளிந்துவிட்டது. அதே ஹெப்பாரினைச் சோதனைக் குழாயில் உள்ள ரத்தத்தில் கலந்தால் ஒன்றும் நடக்காது. உடம்புக்குள் போட்டால்தான் தெளிகிறது. அப்படியானால் ஹெப்பாரின் உடம்பில் எங்கிருந்தோ ஒரு பொருளை விடுவிக்கிறது என்று தெரிந்தது. அதற்குத் ‘தெளிவாக்கும் காரணி’ என்றே பெயர் வைத்தார்கள். 1955-இல் எட்வர்ட் கோர்ன் எலியின் இதயத்திலிருந்து அந்த என்சைமைப் பிரித்து, லைப்போபுரோட்டீன் லைபேஸ் என்று பெயரிட்டார்.

ஒரு சிக்கல் மட்டும் வெகு காலம் விளங்காமல் இருந்தது. எல்.பி.எல்.லைத் தயாரிப்பது தசைச் செல்லும் கொழுப்புச் செல்லும். வேலை செய்வதோ தந்துகியின் உள்பக்கம். சுவரைத் தாண்டி எப்படி உள்ளே வருகிறது? கலிஃபோர்னியாவில் ஸ்டீஃபன் யங் குழுவினர் 2007-இலும் 2010-இலும் வெளியிட்ட ஆய்வுகளில் பதில் கிடைத்தது. ஜி.பி.ஐ.எச்.பி.பி.1 என்றொரு புரதம் எல்.பி.எல்.லை வெளியிலிருந்து பிடித்துச் சுவரைக் கடத்தி உள்ளே கொண்டுவந்து நிறுத்துகிறது. அந்தப் புரதம் இல்லாத எலிகளின் ரத்தம் வெள்ளையாகவே இருந்தது. என்சைம் உடம்பில் இருந்தும் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை, அதனால் பயனில்லை.

கேப்சூல் பற்றி நான் தனியாக எதுவும் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். விழுங்கும் என்சைம் ஒரு புரதம். வயிறும் குடலும் அதை மற்ற புரதங்களைப்போலவே செரித்துவிடும். அப்படியே தப்பி ரத்தத்துக்குள் போனாலும், தந்துகிச் சுவரில் போய் நிற்க அதற்கு வழியில்லை.

பழைய_வண்ணை (ஞாயிறு, காலை 9.10)

வாத்தியார் ஐயா, மதிப்போடுதான் கேட்கிறேன். நானும் என்சைம் கேப்சூல் சாப்பிட்டேன். எனக்கு ட்ரைகிளிசரைடு 290-இலிருந்து 170-க்கு வந்தது. டாக்டர்களே கணையம் கெட்டவர்களுக்கு என்சைம் கேப்சூல் எழுதிக் கொடுக்கிறார்களே. அது வேலை செய்யும், இது மட்டும் செய்யாதா?

பெரம்பூர்_வாத்தியார் (ஞாயிறு, காலை 9.45)

நல்ல கேள்வி. கணையத்துக்குக் கொடுக்கிற கேப்சூல் வேலை செய்ய வேண்டிய இடம் குடலின் உள்பக்கம். வயிற்று அமிலத்தில் கரையாத பூச்சு போட்டு, குடலில் போய்த் திறக்கும்படி செய்திருக்கிறார்கள். ரத்தத்துக்குள் நுழைய வேண்டிய அவசியமே அதற்கு இல்லை. அது செய்கிற வேலை கொழுப்பைச் செரித்து உடம்புக்குள் சேர்ப்பது. ரத்தத்திலிருந்து வெளியேற்றுவது இல்லை.

உங்களுக்கு 170-க்கு இறங்கியது சந்தோஷம். கேப்சூல் சாப்பிட்ட அந்தக் காலத்தில் வேறு என்ன மாற்றினீர்கள்? ட்ரைகிளிசரைடு நாளுக்கு நாள் ஏறி இறங்குகிற எண். முந்தின இரவுச் சாப்பாடு, மது, எடை, சர்க்கரை எதுவும் அதை அசைக்கும்.

பழைய_வண்ணை (ஞாயிறு, காலை 9.58)

கேப்சூல் கொடுத்தவர் இனிப்பையும் கூல்டிரிங்க்ஸையும் நிறுத்தச் சொன்னார், நிறுத்தினேன். காலையில் நடக்கவும் சொன்னார். ஆனால் கேப்சூலுக்கும் பங்கு இருக்கும் என்றுதான் நான் நம்புகிறேன். மற்றவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று பார்க்கிறேன்.

வியாசர்பாடி_ஆட்டோ (ஞாயிறு, மதியம் 1.30)

சார், எனக்கு ஒரு சந்தேகம். ஹெப்பாரின் ஊசி போட்டவுடன் ரத்தம் தெளிகிறது என்றால், காசிமேட்டுத் தம்பியின் அப்பாவுக்கும் அதையே போட்டுவிட்டால் என்ன? ஊசி கடையில் கிடைக்கிறதுதானே?

கொருக்குப்பேட்டை_சிஸ்டர் (ஞாயிறு, மதியம் 1.42)

ஐயோ அண்ணே, அப்படி யாரும் வீட்டில் செய்துவிடாதீர்கள். ரத்தம் உறையாமல் போய் உள்ளுக்குள் கசிந்தால் உயிருக்கே ஆபத்து.

பெரம்பூர்_வாத்தியார் (ஞாயிறு, மதியம் 2.15)

சிஸ்டர் சொன்னதுதான் முதல் காரணம். இரண்டாவது, ஹெப்பாரின் புதிதாக என்சைம் எதையும் உண்டாக்குவதில்லை. சுவரில் நிற்பதைப் பெயர்த்து ரத்தத்தில் விடுகிறது. அது கொஞ்ச நேரம் கொழுப்பை வெட்டும், பிறகு கல்லீரல் அந்த என்சைமைப் பிடித்து அழித்துவிடும். சுவரில் இருப்பு தீர்ந்து போவதால், ஊசியின் வேகம் அடங்கிய பிறகு கொழுப்பு மறுபடி ஏறலாம். ஆராய்ச்சியில் எல்.பி.எல்.லை அளக்க ஹெப்பாரினைப் பயன்படுத்துகிறார்கள். ஊசி போட்டுச் சில நிமிடம் கழித்து ரத்தம் எடுத்தால்தான் அந்த என்சைம் ரத்தத்தில் அகப்படும்.

வியாசர்பாடி_ஆட்டோ (ஞாயிறு, மாலை 4.05)

புரிந்தது சார். அப்போ சாப்பாட்டுக்கு வருவோம். எனக்கும் போன மாதம் 380 காட்டியது. ராத்திரி சவாரி முடித்து பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ, முட்டை பேஜோ சாப்பிடுவேன், இல்லையென்றால் பரோட்டாவும் பீஃப் வறுவலும். எண்ணெய்தான் காரணம் என்று வீட்டில் எண்ணெயைக் குறைத்துவிட்டார்கள். ஆனால் எங்கள் ஏரியா டாக்டர் ‘சோறையும் சர்க்கரையையும் குறை’ என்கிறார், எண்ணெயைப் பற்றிப் பேசவே இல்லை. எது சரி?

கல்யாணபுரம்_பந்து (ஞாயிறு, மாலை 4.20)

எண்ணெய்தான் அண்ணே. ரத்தத்தில் மிதப்பது கொழுப்பு, அது எண்ணெயிலிருந்துதானே வரும்? எங்கள் பசங்களுக்கு மேட்சுக்கு முன்னால் பொரித்ததைத் தொடவே விடமாட்டேன்.

தண்டையார்பேட்டை_லேப் (ஞாயிறு, மாலை 5.00)

எங்களிடம் வருகிறவர்களில் பலரும் எண்ணெயைத் தொடாதவர்கள். வீட்டில் ஆவியில் வெந்ததுதான் சாப்பிடுவார்கள். ஆனால் மூன்று வேளையும் சாதம், டீக்கு மூன்று ஸ்பூன் சர்க்கரை. அவர்களுக்கும் 300, 400 வருகிறது. ஆகவே டாக்டர் சொன்னது சரி என்பேன்.

பெரம்பூர்_வாத்தியார் (ஞாயிறு, இரவு 8.30)

இருவர் சொல்வதும் உண்மை, ஆனால் எந்த அளவில் இருக்கிறோம் என்பதைப் பொறுத்து எது முக்கியம் என்பது மாறும். எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட்டுக்குள் நுழையக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகளை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். எந்த ஊரிலிருந்து வந்த லாரியானாலும் அந்த ஒரு கேட் வழியாகத்தான் போக வேண்டும். வரத்து கேட்டின் வேகத்தை மீறினால் வரிசை திருவொற்றியூர் வரை நீளும். குடலிலிருந்து வரும் கைலோமைக்ரானும், கல்லீரலிலிருந்து வரும் வி.எல்.டி.எல்.லும் ஒரே எல்.பி.எல்.லிடம்தான் வந்து நிற்கின்றன.

மிச்சமான மாவுச்சத்தையும் சர்க்கரையையும் மதுவையும் கல்லீரல் கொழுப்பாக மாற்றி வி.எல்.டி.எல். என்ற பெயரில் அனுப்புகிறது. 200, 300, 400 அளவில் இருப்பவர்களிடம் கூடுதலாக இருப்பது பெரும்பாலும் அதுதான். ஆட்டோ அண்ணனுக்கு டாக்டர் சோறு, சர்க்கரையைக் குறைக்கச் சொன்னது அதனால்தான். ட்ரைகிளிசரைடு ஏறத்தாழ 500-ஐத் தாண்டும்போது எல்.பி.எல். தன் முழுத் திறனை எட்டிவிடுகிறது. அதற்கு மேல் வருவதை வெட்ட ஆளில்லை. அந்த நிலையில் சாப்பாட்டில் வரும் எண்ணெயும் ரத்தத்திலேயே வெகு நேரம் தேங்கும். அதனால் 1,140-இல் இருப்பவருக்கு எண்ணெய், நெய், தேங்காய், பொரித்த மீன், கொழுப்புள்ள கறி எல்லாவற்றையும் தற்காலிகமாகக் கடுமையாகக் குறைக்கச் சொல்வார்கள். சர்க்கரையும் மதுவும் கூடவே நிற்க வேண்டும்.

சர்க்கரை நோய் ஏன் இதில் வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், தம்பியின் அப்பாவுக்கு அதுதான் முக்கியம். சாப்பிட்ட பிறகு கொழுப்புத் திசுவில் எல்.பி.எல்.லைக் கூட்டுவது இன்சுலின். இன்சுலின் வேலை செய்யாவிட்டால் சுவரில் என்சைம் குறைகிறது. அதே நேரம் கொழுப்புத் திசு தான் சேமித்ததை அவிழ்த்துவிடுகிறது, அது கல்லீரலுக்குப் போய் வி.எல்.டி.எல்.லாகத் திரும்பி வருகிறது. வரத்து கூடுகிறது, வெட்டுகிற வேகம் குறைகிறது. மூன்று மாதச் சர்க்கரை 10.8 என்றால் இந்த இரண்டும் சேர்ந்தே நடந்திருக்கும். அந்தச் சர்க்கரையை இறக்கினால் பாதிப் பிரச்சினை தானே இறங்கும்.

எச்.டி.எல். 27 என்பதும் இதோடு சேர்ந்தது. எல்.பி.எல். உருண்டைகளை வெட்டும்போது உதிர்கிற மேலுறைத் துண்டுகள் எச்.டி.எல்.லுக்குப் போய்ச் சேரும். வெட்டு நடக்காவிட்டால் அந்த வரவு குறையும். நம் ஊரில் இந்த ஜோடி மிக அதிகம். தமிழ்நாட்டையும் சேர்த்து நான்கு பகுதிகளில் நடந்த ஐ.சி.எம்.ஆர்.-இன் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) ‘இந்தியாப்’ (INDIAB) என்ற ஆய்வு 2014-இல் வெளியிட்ட கணக்கில், 72.3 சதவீதம் பேருக்கு எச்.டி.எல். குறைவு, 29.5 சதவீதம் பேருக்கு ட்ரைகிளிசரைடு அதிகம்.

கல்யாணபுரம்_பந்து (ஞாயிறு, இரவு 9.10)

சார், இதில் ஓட்டப் பயிற்சிக்குப் பங்கு உண்டா? எங்கள் பையன்கள் பிரியாணி சாப்பிட்டாலும் ரிப்போர்ட் சுத்தமாக இருக்கிறது.

பெரம்பூர்_வாத்தியார் (ஞாயிறு, இரவு 9.40)

பெரிய பங்கு உண்டு. உழைக்கிற தசையில் எல்.பி.எல். கூடும். பயிற்சி முடிந்த உடனே அல்ல, சில மணி நேரம் கழித்துக் கூடி, அடுத்த நாளும் நிற்கும். மாலையில் நன்றாக நடந்தவருக்கு மறுநாள் காலைச் சாப்பாட்டின் கொழுப்பு வேகமாக இறங்கும். தலைகீழாகவும் நடக்கும். 2003-இல் வெளியான ஓர் ஆய்வில், எலிகளின் பின்னங்கால்கள் தரையில் ஊன்றாதபடி வைத்தபோது அந்தத் தசைகளில் எல்.பி.எல். மளமளவென்று குறைந்தது. ஆனால் தம்பியின் அப்பா டாக்டரைப் பார்த்த பிறகு மெதுவாக நடக்கத் தொடங்கட்டும். ஓட்டமெல்லாம் வேண்டாம்.

எர்ணாவூர்_அம்மா (திங்கள், காலை 11.30)

இந்த இழையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. என் இளைய மகளுக்குக் கைக்குழந்தையாக இருந்தபோதே இது தெரிந்தது. சளிக்காக ரத்தம் எடுத்தார்கள். ரோஸ் நிறத்தில் வந்தது. முதலில் பார்த்த இடத்தில் சாம்பிள் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட்டார்கள். வேறொரு டாக்டர்தான் ட்ரைகிளிசரைடு பார்க்கச் சொன்னார். பல ஆயிரத்தில் இருந்தது. கண் டாக்டர் உள்ளே பார்த்தபோது விழித்திரை ரத்தக் குழாய்களே வெளிறித் தெரிந்தன. முழங்கையிலும் முதுகிலும் சின்னச் சின்ன மஞ்சள் கொப்புளம் இருந்தது.

வாத்தியார் சொன்ன எல்.பி.எல்.லைத் தயாரிக்கும் மரபணுவே அவளுக்குச் சரியில்லை. நானும் அவரும் சொந்தத்தில் கட்டிக்கொண்டவர்கள். ஆளுக்கு ஒரு கெட்ட பிரதி இருந்திருக்கிறது, எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை, குழந்தைக்கு இரண்டும் போய்ச் சேர்ந்துவிட்டது. பத்து லட்சத்தில் ஒருவர் இருவருக்கு வருமாம்.

இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். ஒரு நாளைக்கு அவள் சாப்பிடும் மொத்தக் கொழுப்பை ஸ்பூன் கணக்கில் அளக்கிறேன். எம்.சி.டி. எண்ணெய் என்று ஒன்று கொடுத்திருக்கிறார்கள், அதில்தான் அவளுக்குத் தாளிப்பது. பிறந்தநாள் வீட்டில் கேக் நீட்டினால் ‘வேண்டாம் ஆன்ட்டி’ என்று அவளே சொல்லிவிடுகிறாள். வயிறு வலிக்கிறது என்றால் மட்டும் எனக்கு உயிர் போய் உயிர் வரும்.

இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு ஏதாவது புதிய மருந்து வந்திருக்கிறதா என்று யாராவது சொல்லுங்களேன்.

பெரம்பூர்_வாத்தியார் (திங்கள், மதியம் 3.20)

அம்மா, நீங்கள் அளந்து கொடுக்கும் அந்தச் சாப்பாடுதான் இன்றைக்கும் முதல் மருந்து. எம்.சி.டி. எண்ணெயில் உள்ள கொழுப்பு அமிலங்கள் நீளம் குறைந்தவை. கைலோமைக்ரானில் ஏறாமல் குடலிலிருந்து நேரே கல்லீரலுக்குப் போய்விடும். எல்.பி.எல். தேவையே இல்லை. சாதாரணத் தேங்காய் எண்ணெயை அதற்குப் பதிலாகக் கொடுக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். அதில் கிட்டத்தட்டப் பாதி லாரிக் அமிலம், அதில் கணிசமான பங்கு கைலோமைக்ரான் வழியாகவே வரும்.

மரபணு மருத்துவம் ஒன்று வந்தது. கிளைபெரா என்று பெயர். நல்ல எல்.பி.எல். மரபணுவை வைரஸில் ஏற்றிக் காலின் தசையில் ஊசியாகப் போடுவார்கள். 2012-இல் ஐரோப்பாவில் அனுமதி கிடைத்தது. விலை சுமார் பத்து லட்சம் யூரோ. வாங்க ஆளில்லாமல் 2017-இல் அந்த அனுமதியைப் புதுப்பிக்காமலே விட்டுவிட்டார்கள். இதை நினைத்தால் இன்றும் எனக்கு மனசு ஆறுவதில்லை. நோய் அரிதாக இருப்பது பிள்ளைகளின் குற்றமா?

நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. அப்போ சி-3 என்ற புரதம் எல்.பி.எல்.லைத் தடுக்கிறது, அதோடு எல்.பி.எல். இல்லாமலே கல்லீரல் இந்த உருண்டைகளை வாங்குவதையும் தடுக்கிறது. அந்தப் புரதத்தைக் குறைக்கும் ஊசி மருந்துகள் வந்துகொண்டிருக்கின்றன. ஒலிசார்சன் என்ற மருந்துக்கு 2024 டிசம்பரில் அமெரிக்காவில் இந்த நோய்க்கென்றே அனுமதி கொடுத்தார்கள், பெரியவர்களுக்கு மட்டும். உங்கள் மகள் வளர்வதற்குள் நிலைமை இன்னும் மாறும் என்று உறுதியாக நம்புகிறேன். இப்போது பார்க்கும் டாக்டரிடம் இந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டு வையுங்கள்.

எர்ணாவூர்_அம்மா (திங்கள், மாலை 4.00)

பெயரை எழுதி வைத்துக்கொண்டேன் ஐயா. ரொம்ப நன்றி.

காசிமேடு_கரை (திங்கள், இரவு 8.50)

டாக்டரைப் பார்த்துவிட்டோம். தைராய்டு, சிறுநீரகம் இரண்டையும் பார்க்கச் சொன்னார், அவையும் ட்ரைகிளிசரைடை ஏற்றுமாம். சர்க்கரைக்கு இன்சுலின் தொடங்கியிருக்கிறார். ஃபீனோஃபைப்ரேட் மாத்திரை ஒன்று. மது அறவே கூடாது என்று அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். கேப்சூல் வாங்கவில்லை.

வாத்தியார் ஐயாவிடம் ஒன்று: அந்த மாத்திரை எல்.பி.எல்.லை ஏதாவது செய்யுமா? இன்னொன்று, அப்பா மீன் இல்லாமல் சாப்பிட மாட்டார். மத்தி, கானாங்கத்தை நல்லது என்கிறார்களே?

பெரம்பூர்_வாத்தியார் (திங்கள், இரவு 9.30)

செய்யும். ஃபைப்ரேட் வகை மருந்துகள் எல்.பி.எல். உற்பத்தியைக் கூட்டுகின்றன, தடுக்கிற அப்போ சி-3-ஐக் குறைக்கின்றன. உங்கள் தெருக்காரர் தருவதாகச் சொன்னதை உடம்பே தன் இடத்தில் தயாரிக்கும்படி செய்கிற மருந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். தசை வலி வந்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

மத்தியும் கானாங்கத்தையும் நல்ல மீன்கள். அவற்றில் உள்ள ஒமேகா-3 கல்லீரல் அனுப்பும் வி.எல்.டி.எல்.லைக் குறைக்கும். ஆனால் மருந்தாகக் கொடுக்கும்போது நாளுக்கு 2 முதல் 4 கிராம் ஒமேகா-3 கொடுக்கிறார்கள், அந்த அளவைத் தட்டில் எட்டுவது கஷ்டம். எண்ணெயில் பொரித்தால் வந்த நன்மையும் போய்விடும். இப்போதைக்குக் குழம்பில், எண்ணெய் மிகக் குறைவாக, டாக்டர் சொன்ன அளவுக்குள் கொடுங்கள்.

காசிமேடு_கரை (ஐந்து வாரம் கழித்து, வியாழன், மாலை 6.15)

எல்லாருக்கும் சொல்ல வேண்டும் என்று வந்தேன். அப்பாவுக்கு இன்று ட்ரைகிளிசரைடு 286. எல்.டி.எல். இடத்தில் இந்த முறை எண் வந்திருக்கிறது, 118. அதைப் பார்த்து டாக்டர், கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை பற்றி அடுத்த முறை பேசலாம் என்றார். குடியை விட்டது அவருக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் விட்டிருக்கிறார்.

என்னையும் தம்பியையும் பரிசோதித்துக்கொள்ளச் சொல்கிறார் டாக்டர். லேப் அக்கா, நாங்கள் எப்படி வர வேண்டும்?

தண்டையார்பேட்டை_லேப் (வியாழன், இரவு 7.40)

ரொம்ப சந்தோஷம் தம்பி. முந்தின இரவு எட்டு, எட்டரைக்குள் வழக்கமான சாப்பாட்டை முடித்துவிடுங்கள். பரிசோதனைக்காக அன்று மட்டும் பத்தியமாகவும் இருக்க வேண்டாம், விருந்தும் வேண்டாம். காலை ஏழு எட்டு மணிக்குள் லேபுக்குப் போய்விடுங்கள். தண்ணீர் குடிக்கலாம், டீ காபி கூடாது. மூன்று நாளுக்கு முன்பிருந்தே மது தொடக் கூடாது. காய்ச்சலோ சளியோ இருந்தால் அது விட்ட பிறகு பாருங்கள். இருவரும் கொலஸ்ட்ரால் முழுப் பட்டியலோடு வெறும் வயிற்றுச் சர்க்கரையும் சேர்த்து எடுத்துவிடுங்கள், தனியாக ஒரு தரம் ஊசி குத்த வேண்டியிருக்காது.